தாயும் வேணும்

முகுந்தனின் கையிலிருந்த பழைய பட்டன் போனில் பாம்பு மறுபடியும் தன் வாலில் தானே முட்டிச் செத்தது.

"இப்பயாவது கதை கெடைச்சுதா?" என்று கேட்டாள் மனைவி ஷாமினி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவள். மறுநாள் போட வேண்டிய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாம்பு ஒரு புள்ளிய தின்னுது. நீளமாகுது. இன்னொரு புள்ளிய தின்னுது. இன்னும் நீளமாகுது."

"அப்புறம்?"

"செத்துப்போகுது."

"ஏன்?"

"நீளமானதால."

ஷாமினி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இத யாருங்க தியேட்டர்ல உக்காந்து பார்ப்பா?"

அதுதான் முகுந்தனுக்கும் தெரியவில்லை. தொலைக்காட்சி நாடகங்களுக்கு வசனம் எழுதியே தலை நரைக்கத் தொடங்கிய மனிதன் அவன். நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவன் பெயர் வருவதற்குள் விளம்பரம் வந்துவிடும். அவன் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அவனைத் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் அவன் எழுத்தாளன் என்று தெரிந்தவள் வீட்டுக்காரி ஒருத்திதான். அவளுக்கும் இப்போது சந்தேகம் வந்திருந்தது.

இந்த நிலையில்தான் சில நாள் முன்பு கிள்ளானில் லோரி கம்பெனி நடத்தும் கார்த்திகேசு அவனைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகு அவருக்குச் சினிமா ஆசை வந்திருந்தது.

"சின்னப் புள்ளையில வெளையாடுவோமே தம்பி, பாம்பு... கேம். அத படமா எடுக்கலாம்லா."

பாம்புக்கும் கேமுக்கும் நடுவில் ஒரு லோரி பின்னால் நகர்ந்தது. அவருடைய ஆபீஸ் லோரிகள் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் பேச்சு பாதி, இன்ஜின் பாதி என்றுதான் காதில் விழும். அந்தச் சத்தத்திலும் டிரைவர் கேட்டது டயரா டீசலா என்று சரியாகப் பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கிளார்க் லெட்சுமிதான். அவள் அப்போது நீண்ட லீவில் இருந்தாள்.

முகுந்தன் நடுவில் விழுங்கப்பட்ட சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போனில் வந்த பாம்பு கேம் தெரியாதவர் யார்? வெளிநாட்டில் பழைய வீடியோ கேம்களையெல்லாம் வரிசையாகப் படமாக எடுத்துத் தள்ளுகிறார்கள். கதையே இல்லாத கேமைக்கூட விட்டுவைப்பதில்லை. கிள்ளான் லோரிக்காரர் ஒருவர் உலகத்தோடு சேர்ந்து யோசிக்கிறாரே என்று அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வீட்டில் மட்டும் ஒரு நிபந்தனை இருந்தது. ஷாமினியின் தம்பி விமலன் காஜாங்கில், சுவரில் உயரத்தில் மாட்டிய ஏர்கோன்களுக்கு சர்வீஸ் செய்கிறான். ஆள் பற்றாக்குறை. இந்தப் படமும் கைவிட்டுப் போனால் முகுந்தன் பேனாவை மூடிவிட்டு அவனோடு வேலைக்குப் போக வேண்டும். முகுந்தனோ பல்பு மாற்றக்கூட நாற்காலியில் ஏற மாட்டான். உயரம் என்றால் தலை சுற்றும்.

ஆகவே அவன் உயிரைக் கொடுத்து யோசித்தான். பாம்புதான் கதாநாயகன், மனித உருவில். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கெட்டவன். ஒவ்வொருவனாக ஒழிக்க ஒழிக்க நாயகனுக்குச் செல்வாக்கு நீள்கிறது. கூடவே ஆணவமும் நீள்கிறது. கடைசியில் அந்த வாலே அவனுக்கு வினையாகிறது. சொல்லிப் பார்த்தபோது அவனுக்கே கொஞ்சம் புல்லரித்தது.

கார்த்திகேசு பிளாஸ்டிக் பையில் வந்த தே தாரிக் டீயை உறிஞ்சியபடி கேட்டார். "பாம்பு வருது. அது சரி. தலையில மாட்டுனா வால்ல போய் முடியணும். அது இருக்கா?"

"அதுதாண்ணே கிளைமாக்ஸே."

"நல்லது." அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒரு லோரி உறுமியது. அதற்கு மேல் குரலை உயர்த்தி என்னவோ சொன்னார். முகுந்தன் காதில் விழுந்தது இதுதான்: "தாயும் வேணும்லா. தாயும் விழுந்தாத்தான் ஆட்டமே ஆரம்பிக்கும்."

"மொத சீன்லயே விழணுமாண்ணே?"

"மொதல்ல அதுதான். அது விழாம ஒருத்தன் உள்ள வர முடியுமா?"

முகுந்தன் தலையாட்டிவிட்டு வந்தான். அம்மா பாசம் கேட்கிறார், நியாயம்தான். ஆனால் அந்த அம்மா எதற்காக விழ வேண்டும்? எங்கிருந்து விழ வேண்டும்? நாடகங்களில் எல்லாருக்கும் அம்மாவாக வரும், காப்பார் ஊரில் இருக்கும் வீரம்மாவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, மாடியிலிருந்து விழுற மாதிரி ஒரு சீன்."

"விழுந்துட்டு வசனம் இருக்கா தம்பி?"

"இல்லக்கா. நீங்க விழுந்தாத்தான் படமே ஆரம்பிக்குது."

இத்தனை வருடத்தில் இவ்வளவு முக்கியமான வேடம் தனக்கு வந்ததில்லை என்று வீரம்மா நெகிழ்ந்துபோனார். அன்றைக்கே வீட்டுப் படிக்கட்டில் விழுந்து பழகினார். இரண்டாவது தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது. அவருடைய மருமகள் முகுந்தனைக் கூப்பிட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது.

அடுத்த முறை போனபோது ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே இரண்டு லோரிகள் உறுமிக்கொண்டிருந்தன. கார்த்திகேசு ஆர்வமாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"பாம்பு மட்டும் இருந்தா எப்படி தம்பி? எல்லாரும் கீழ விழுந்துக்கிட்டே இருப்பாங்க. ராணி வைக்கணும்லா."

"ராணியா?" முகுந்தன் கத்திக் கேட்டான்.

"ஆமாலா. ஒண்ணு பத்தாது. நாலஞ்சு வையிங்க. நெட்டையா ஒண்ணு, மத்ததெல்லாம் குட்டையா இருந்தாலும் பரவாயில்ல. அதப் புடிச்சித்தானே மேல ஏறணும்."

முகுந்தனுக்குக் காது சூடானது. "அண்ணே, இது குடும்பப் படம்தானே?"

"குடும்பமா உக்காந்து வெளையாடுறதுதானே தம்பி. கடைசில சாமிகிட்ட போய்ச் சேரணும். அது ரொம்ப முக்கியம்."

"யாருண்ணே சாமிகிட்ட போய்ச் சேரணும்?"

"எல்லாரும்தான். யாரு மொதல்ல போய்ச் சேர்றானோ அவன்தான் ஜெயிச்சவன்."

வீட்டுக்கு வந்து ஷாமினியிடம் சொன்னான். அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

"அம்மா கீழ விழறாங்க. அஞ்சு பொண்ணுங்கள புடிச்சி ஹீரோ மேல ஏறுறான். கடைசில எல்லாரும் செத்துப்போறாங்க. யாரு மொதல்ல சாகுறாங்களோ அவங்க ஜெயிச்சிட்டாங்க," என்று நிதானமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "விமலனுக்கு இப்பவே சொல்லி வச்சிரட்டா?"

"அவரு பெரிய மனுஷன் ஷாமினி. ஏதோ ஒரு தத்துவம் வச்சிருக்காரு. எனக்குத்தான் புரியல."

உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான். புரியாததெல்லாம் உயர்ந்தது என்ற மரியாதை அவனுக்கு உண்டு. ராப்பகலாக எழுதினான். ஐந்து ராணிகளுக்கும் ஐந்து ஊர் கொடுத்தான். நெட்டை ராணிக்கு ஒரு தனிச் சோகம் வைத்தான். கதாநாயகனை முதலிலேயே சாகவிட்டு ஜெயிக்க வைத்தான். எழுதி முடித்தபோது பாம்பு எதற்காக வந்தது என்று அவனுக்கே மறந்துபோயிருந்தது.

கடைசிச் சந்திப்புக்கு விமலன்தான் அவனைத் தன் வேனில் கிள்ளானுக்குக் கூட்டிப்போனான். "நீங்க போய் பேசிட்டு வாங்க மச்சான். நான் வெளியவே இருக்கேன். ஓகேன்னா வீட்டுக்கு, இல்லன்னா நேரா காஜாங்," என்றான். நல்ல பையன்தான். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம். லோரிகள் எல்லாம் நின்றிருந்தன. அப்படி ஒரு அமைதியை முகுந்தன் அந்த ஆபீஸில் பார்த்ததே இல்லை. லீவு முடிந்து வந்த லெட்சுமி மூலையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். நெட்டை ராணியின் சோகத்தை மட்டும் இரண்டு தடவை படித்தான்.

கார்த்திகேசு மேசையில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தார்.

"தம்பி, நீங்க நல்லா எழுதறீங்க. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. அந்தப் பாம்பு ஏன் தின்னுக்கிட்டே இருக்கு?"

"அதுதாண்ணே கேமு."

"மாடியிலேருந்து விழுதே, யாரு அந்தம்மா?"

"நீங்க கேட்டதுதான்."

"நானா?" அவர் லெட்சுமியைப் பார்த்தார். அவள் கையில் சோற்றுடன் அப்படியே இருந்தாள். "சரி, இந்த அஞ்சு பொண்ணுங்க?"

"அதுவும் நீங்க கேட்டதுதாண்ணே. நெட்டையா ஒண்ணு, குட்டையா நாலுன்னு."

"தம்பி, நான் பேரன் பேத்தி எடுத்தவன். இது என் வீட்டுக்காரி காதுல விழுந்தா நான் இந்த லோரியிலதான் படுக்கணும்." அவர் குரலில் கோபமில்லை, பெரிய வருத்தம்தான் இருந்தது. "நான் கேட்டதுல ஒண்ணுகூட இதுல இல்ல. விட்டுரலாம் தம்பி. சினிமா நமக்கு ஒத்துவராது."

முகுந்தனுக்கு அழுகை வந்தது. எழுதியதை எடுத்துப் பைக்குள் வைத்தான். அங்கேயே போனை எடுத்து வெளியே வேனில் இருந்த மச்சானைக் கூப்பிட்டான்.

"விமலா, வண்டிய எடு. நான் வேலைக்கு வரேன்... இல்ல, பயமில்ல. ஏணியில ஏறுவேன். எவ்வளவு பெரிய ஏணியா இருந்தாலும் ஏறுறேன்."

கார்த்திகேசு தலையை நிமிர்த்தினார். "இப்ப மட்டும் வாயில வருதே ஏணி," என்று முணுமுணுத்தார். "நான் எத்தன தடவ தொண்ட கிழிய கத்துனேன்."

முகுந்தன் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றான். மூலையில் லெட்சுமி சோற்றுப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"சார், பாஸ் கேட்டது தாயும் இல்ல, ராணியும் இல்ல. தாயமும் ஏணியும். அது பரமபதம்லா."