ஸ்கோப் வாங்கப்போகிறவர்

கடைக்குப் போனால் வாங்கிக்கொண்டு வருகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்களையும் தெரியும். இரு சாராரையும் மிஞ்சிய மூன்றாவது இனம் ஒன்று உண்டு: வாங்கப்போகிறவர்கள். போன தீபாவளிக்கும் இவர்கள் வாங்கத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். வருகிற தீபாவளிக்கும் போய்க்கொண்டிருப்பார்கள். கையில் போன், போனில் முப்பது விமர்சனம், முகத்தில் மாப்பிள்ளை பார்க்க வந்த பெரியப்பாவின் சந்தேகம்.

இந்த இனத்தின் அசல் மாதிரி வேண்டுமானால் நெருப்பெரிச்சல் என்ற ஊருக்கு வாருங்கள். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர் கிட்டுசாமி. டீ-சர்ட்டின் கழுத்துப்பட்டை நூலளவு கோணினாலும் தூக்கி எறிகிற கை அவருடையது. நல்ல கைதான், சம்பளமே அதற்குத்தான். சாயங்காலம் கிளம்பும்போது அதைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வரத்தான் அவருக்குத் தெரியவில்லை. தக்காளி வாங்கினால்கூட வெயிலில் ஒரு தடவை, டியூப்லைட்டில் ஒரு தடவை நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். வீட்டு மிக்ஸி புகைவிட்டு நின்று எட்டு மாதமாகிறது. புது மிக்ஸி? பரிசீலனையில் இருக்கிறது. மனைவி சித்ரகலா சட்னி அரைக்கப் பக்கத்து வீட்டுக்குத் தூக்குப்போசியோடு போய்வந்துகொண்டிருக்கிறாள்.

இப்பேர்ப்பட்டவருக்குத் துப்பாக்கி சுடும் ஆசை வந்தால் என்ன ஆகும்?

ஸ்பிரிங் விசையில் சுடும் காற்றுத் துப்பாக்கிதான், பயப்படாதீர்கள். இலக்கு, இருபது மீட்டர் தள்ளித் தொங்கும் ஒரு காகித வட்டம். துப்பாக்கியை மட்டும் ஒரே நாளில் வாங்கிவிட்டார். கிளப் செயலாளர் சிவராஜ் தன் பழையதைக் கையில் திணித்துவிட்டதால் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்கவில்லை. மிச்சமிருந்தவை இரண்டு: குறி பார்க்கும் ஸ்கோப், அந்த ஸ்கோப்பைத் துப்பாக்கியின் முதுகில் கவ்விப் பிடிக்கும் வளையங்களான மவுண்ட். இரண்டே இரண்டு.

பதினான்கு மாதம் ஓடியது.

அந்தப் பதினான்கு மாதத்தில் கிட்டுசாமி, ஸ்கோப்புக்கு ஓர் அட்டவணை, மவுண்டுக்கு ஓர் அட்டவணை, ஒவ்வொன்றிலும் நாற்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு மதிப்பெண், மதிப்பெண்ணுக்கு மறுகூட்டல் என்று போட்டு, கண்ணாடி எந்த நாட்டுக் கண்ணாடி, குறுக்குக்கோடு முடியளவா நூலளவா, வளையம் ஒற்றைத் துண்டா இரட்டைத் துண்டா என்று மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் விவாதித்து, இரண்டு குழுக்களிலிருந்து நீக்கப்பட்டு, மூன்றாவதற்குத் தாமே அட்மின் ஆனார். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கோயம்புத்தூர்க் கடைக்காரருக்குத் தினம் ஒரு போன் மட்டும் போனது.

"ஏனுங்க, ஒம்பது மடங்கு பெருசாக் காட்டற ஸ்கோப்பு ஸ்பிரிங் உதைப்பைத் தாங்குமுங்களா?"

"தாங்குமுங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"ஏனுங்க, நேத்தும் நீங்கதானே கூப்புட்டீங்க?"

"நேத்துக் கேட்டது ஏழு மடங்குங்க."

கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பக்கத்து வீட்டிலிருந்து சட்னியோடு திரும்பிய சித்ரகலா போசியை மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.

"ஞாயித்துக்கெழமை கிளப்புல போட்டியாமா. சிவராஜண்ணன் சொன்னாரு. பத்துக் குண்டுல ஆறாச்சும் உங்க வட்டத்துல உழுகோணும். உழுகலீன்னா, இனிமேல்பட்டு இந்த ஊட்டுல எது வாங்கறதுன்னாலும் நான்தான் பாத்து வாங்குவனுங்க. மிக்ஸியில இருந்து ஆரம்பம்."

"உழுந்துச்சுன்னா?"

"காலம் பூரா நானு பக்கத்து ஊட்டுலயே அரைச்சுக்கறேன். வாயத் தொறக்க மாட்டேன்."

கிட்டுசாமிக்கு வேர்த்துவிட்டது. தோட்டம் போனால் போகட்டும், பைக் போனால் போகட்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விட்டால் மனிதன் எதற்காகக் காலையில் எழுந்திருப்பது? அன்றே ஸ்கோப் அட்டவணையில் முதலிடம் பெற்றதையும், மவுண்ட் அட்டவணையில் முதலிடம் பெற்றதையும் ஆர்டர் போட்டார். வெள்ளிக்கிழமை இரண்டும் வந்து இறங்கின. இரண்டும் தங்கம். பழுது சொல்ல முடியாத பொருள்.

ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதற்குத்தான் எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. ஸ்கோப்பின் குழாய் ஓர் அங்குலம், அதாவது இருபத்தைந்து மில்லிமீட்டர் சொச்சம். மவுண்டின் வளையம் முப்பது மில்லிமீட்டர். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி ஸ்கோப் உள்ளே லொடலொடவென்று ஆடியது.

மற்றவர்களானால் வளையத்தை மாற்றியிருப்பார்கள். மாற்றுவதென்றால் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டுமே! நெருப்பெரிச்சல்காரர் ஒருவருக்குத்தான் தோன்றக்கூடிய யோசனை அப்போது தோன்றியது. கம்பெனியில் மலைபோல் குவிந்து கிடந்த கழுத்துப்பட்டைத் துணியில் ஒரு துண்டை எடுத்து ஸ்கோப்பில் சுற்றி இடைவெளியை அடைத்துவிடுவது. சனிக்கிழமை முழுவதும் துண்டு தேர்ந்தெடுப்பதில் போயிற்று. கருநீலம் வென்றது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஒச்சாயி, தைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னா சார் செய்றீக?"

"மவுண்டுக்குப் பேக்கிங், ஒச்சாயி."

"காலர் துணியவா? இழுத்தா வந்துட்டுத் திரும்பிப் போற துணில்ல அது. சுடையில உதைச்சா கண்ணாடி ஆடாதா?"

"லைக்ரா இருக்குது. இழுத்து உட்டா தொண்ணூத்தஞ்சு பர்சன்ட் பழைய எடத்துக்கே வந்துரும். டெஸ்ட் பண்ணிட்டேன்."

"மிச்ச அஞ்சு எங்கிட்டுப் போகும் சார்?"

கிட்டுசாமி புன்னகைத்தார். தையல்காரிக்கு என்ன தெரியும்?

ஞாயிறு காலை. முதல் குண்டு வட்டத்தின் நட்டநடு மையத்தில்! கூட்டம் கைதட்டியது. சித்ரகலாவின் முகம் சுருங்கியது. காலம் பூரா பக்கத்து வீடு. கிட்டுசாமி மனத்துக்குள் மிக்ஸிகளுக்குப் புதிய அட்டவணை ஒன்று போடத் தொடங்கிவிட்டார். இரண்டாவது குண்டு வட்டத்தின் விளிம்பில். மூன்றாவது காகிதத்தின் மூலையில். ஒவ்வொரு வெடிக்கும் ஸ்பிரிங் உதைக்க, ஸ்கோப் துணிக்குள் ஒரு குலுங்கு குலுங்கி, பழைய இடத்துக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மட்டும் திரும்பி வந்தது. ஸ்கோப்பில் பார்த்தால் குறுக்குக்கோடு என்னவோ ஒவ்வொரு தடவையும் மையத்தில்தான் நின்றது. அதுதான் கொடுமை. நான்காவது காகிதத்திலேயே இல்லை.

"கிட்டு!" பக்கத்து மேடையிலிருந்து சிவராஜ் கூவினார். "என்ர வட்டத்துல உழுகுதுங்க!"

ஐந்தாவதும் அங்கேதான். ஏழாவது அவருடைய நட்டநடு மையத்தில். பத்துக் குண்டு சுட்ட சிவராஜின் காகிதத்தில் பதினேழு ஓட்டை. நடுவர் இரண்டு தடவை எண்ணினார். கிட்டுசாமியின் வட்டத்தில் இரண்டே.

சித்ரகலா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டிபன்பாக்ஸ் மூடி கழன்று உருண்டது. "ஏனுங்க, நானு சட்னிக்குப் போறாப்பலயே உங்க குண்டும் பக்கத்து ஊட்டுக்கே போகுதுங்களே!"

மறுநாள் மிக்ஸி வாங்கினார்கள். அதாவது, வாங்கினாள். மொத்தம் எட்டு நிமிடம், அதில் ஐந்து பில் போட. "செவப்புல இருக்குதுங்களா? குடுங்க." அவ்வளவுதான். வாட்ஸ் கேட்கவில்லை, ஜார் தடிமன் கேட்கவில்லை, கடை வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற கிட்டுசாமியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, சுடச்சுடத் தோசை, வீட்டிலேயே அரைத்த தேங்காய்ச் சட்னி. சட்னி வெண்ணெயாக இருந்தது. மூன்றாவது தோசையோடு கிட்டுசாமியின் வலது கை நின்றது. இடது கை மெல்ல மேசைக்கு அடியில் போய் போனைத் திறந்து, அதே மிக்ஸிக்கு யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தது. இரண்டு பேர் போட்டிருந்தார்கள். அப்போதுதான் அவருக்கு நாலாவது தோசை இறங்கியது.

சிரியுங்கள், தப்பில்லை. நெருப்பெரிச்சலிலிருந்து எத்தனை கடல் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் உங்கள் போனில் திறந்தபடி கிடக்கும் பக்கங்களை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். செருப்பா, மெத்தையா, குக்கரா? எத்தனை மாதமாக?

இன்னொன்று. உங்கள் வீட்டுச் சட்னி இப்போது யார் வீட்டில் அரைபடுகிறது?