ஐஸ்பெட்டி அண்ணாச்சியின் மீசை

சங்கரன்கோவில்காரர்களுக்குச் சாவைப் பற்றிக் கவலையே கிடையாது. போகிற உயிர் போகட்டும், மற்றதை ஐஸ்பெட்டி அண்ணாச்சி பார்த்துக்கொள்வார் என்கிற தைரியம்தான் காரணம். பிரமிடு கட்டிய ராஜாக்களுக்குக்கூட இந்த நிம்மதி இருந்திருக்காது.

இறந்தவரை வைக்கிற குளிர்பெட்டி, பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போகிற ஆளில்லை அவர். எந்த வீட்டில் தலை எந்தத் திசை, யார் முதலில் கோடித்துணி போட வேண்டும், எந்தக் குடும்பத்தில் புதைப்பார்கள், எதில் எரிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாதா கோயில் தெருவில் ஜெபம் எப்போது முடியும் என்பதும் தெரியும். பள்ளிவாசல் தெருவுக்கு நாற்காலி மட்டும் அனுப்புவார். அங்கே சீக்கிரமே அடக்கம் செய்துவிடுவார்கள், பெட்டிக்கு வேலையில்லை.

ஆனால் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு அவரைக் கூப்பிட்டால் வம்பு. என் தங்கை கரிவலம்வந்தநல்லூர் போகிற சாலையில் வீடு கட்டினாள். நான் கூப்பிட்டேன் என்று அண்ணாச்சி வந்தார், பாயசம் குடித்தார், இடுப்பிலிருந்து டேப்பை உருவி வாசலை அளந்தார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த நடையில பெட்டி திரும்பாது வே."

தங்கை அழுதேவிட்டாள். மாப்பிள்ளை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலை இடித்துப் பெரிதாக்கினார். இப்போது ஊரில் பாதிப் பேர் வாஸ்துக்காரரைப் பார்ப்பதற்கு முன்னால் இவரைத்தான் பார்க்கிறார்கள்.

துக்க வீட்டில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு உலகத்துச் சாவெல்லாம் எடுத்துச் சொல்வார். செல்போனில் அவர் பார்ப்பது அது ஒன்றுதான். திபெத்தில் உடலைக் கழுகுகளுக்குக் கொடுப்பதைச் சொல்வார். மடகாஸ்கரில் சில வருஷத்துக்கு ஒருமுறை கல்லறையைத் திறந்து, எலும்புகளுக்குப் புதுத்துணி சுற்றி, மேளத்தோடு தூக்கிக்கொண்டு ஆடுவதைச் சொல்வார். அங்கே செத்தவருக்குத் திரும்பத் திரும்பக் கோடி கிடைக்கிறது என்று அவருக்கு ஒரே பொறாமை. எகிப்து மேல் மட்டும் கோபம். அங்கே மூளையை மூக்கு வழியாக இழுத்து வெளியே போட்டுவிடுவார்களாம். நம் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்திலேயே முதுமக்கள் தாழிக்குள் முழுசாக உட்காரவைத்து, கூடவே நெல்லும் வைத்து அனுப்பினார்கள், ஒன்றையும் தூக்கி எறியவில்லை என்று மார்தட்டுவார். அழுதுகொண்டிருப்பவர்கள்கூட மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்பார்கள்.

இவ்வளவு தெரிந்த மனிதர் ஒருமுறைகூடக் கொள்ளி வைத்ததில்லை. அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்குக் கடைசி மகன் என்பது எங்கள் வழக்கம். அண்ணாச்சி மூன்று பேரில் நடு ஆள். இரண்டு தடவையும் ஓரமாக நின்று பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை, மீசையாவது மிஞ்சியதே என்று சிரிப்பார். கொள்ளி வைக்கிறவருக்குத்தான் மொட்டையும் மழிப்பும். அப்படித் தப்பித்துத் தப்பித்து, தேங்காயெண்ணெய் குடித்துக் காதைத் தொட்ட மீசை அது.

போன வருஷம், தேரடியில் பானிபூரி வண்டி போட்டிருந்தவர் நெஞ்சுவலியில் இறந்துபோனார். உத்தரப்பிரதேசத்துக்காரர், ஊருக்கே பையா, அதாவது இந்தியில் அண்ணன். இங்கே மனைவியும் ஐந்து வயது மகளும்தான். கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஊரில் இருப்பது நடக்க முடியாத தாய் ஒருத்தி.

தெருக்காரர்கள் நாங்கள் நம் வழக்கப்படியே, குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் நீர்மாலைக்குக் குடத்தைத் தூக்கிவிட்டோம். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் ஊர் வழக்கப்படிதான் அவர் போக வேண்டும் என்றார். பையாவின் மனைவியை விட்டுத் தாய்க்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். மூங்கில் பாடை கட்ட வேண்டும், வாயில் துளசியும் கங்கைத் தண்ணீரும் விட வேண்டும் என்று பதில் வந்தது. என் சாவுக்கென்று நான் பத்திரமாக வைத்திருந்த காசிச் செம்பை என்னைக் கேட்காமலே எடுத்துவந்து உடைத்தார். எனக்கு இன்னும் நாள் கிடக்கிறதாம்.

பிறகு போனில் அழுகைதான் கேட்டது. பையாவின் மனைவி எங்கள் தெருவில் தமிழ் கற்றவள். அவள்தான் சொன்னாள்.

"எம்புள்ளைக்குத் தீ வைக்க ஆளில்லையேன்னு அழுதாவ அண்ணாச்சி. அண்ணனோ தம்பியோ வேணுமாம்."

கொள்ளி வைக்கிறவர் மொட்டை போட வேண்டும், பதின்மூன்று நாள் தீட்டுக் காக்க வேண்டும். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அண்ணாச்சி மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"அம்மாட்டச் சொல்லு தாயி, இங்கன அண்ணன் ஒருத்தன் இருக்கான்னு."

சலூன்காரர் கத்தியோடு தயங்கி நின்றார். அண்ணாச்சியே குனிந்து கொடுத்தார். மீசை போனதும் தெருவில் பாதிப் பேருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சுடுகாட்டில் பந்தத்தைக் கையில் வாங்கினார். ஊரில் இத்தனை சாவுக்கு வழி சொன்ன மனிதர், எந்தப் பக்கம் நின்று வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பதின்மூன்று நாளும் அவர் தீட்டுக் காத்தார். பெட்டியை ஏற்றி இறக்கியதெல்லாம் நாங்கள்தான். இப்படி ஒருவர் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான், கொஞ்சம் அதிகமாகவே.

மீசை பழையபடி காதைத் தேடி வளர்ந்துகொண்டிருக்கிறது. வண்டியை இப்போது பையாவின் மனைவி நடத்துகிறாள். சாயங்காலமானால் அண்ணாச்சி அங்கே போய் நிற்பார். "பெரியப்பா" என்று குழந்தை முதல் பூரியை நீட்டும். வாயில் போட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிடும். மிளகாய் ஜாஸ்தி என்று துண்டால் துடைத்துக்கொள்வார். அவருக்குத் தருகிற பூரியில் அந்தப் பெண் மிளகாயே சேர்ப்பதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் அவரிடம் சொன்னதில்லை.