உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க

செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதிலேயே கிடங்குக்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. பகல் முழுக்கக் கிடங்கில் நின்று வேலை பார்த்த கால்கள். ஐந்து மாடி ஏறிய கால்களும் அவைதான். உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"கழற்றுங்க," என்றாள் மனைவி.

"அவங்க உள்ள போட்டுக்கிட்டே நடக்கிறவங்களா இருந்தா?"

"அப்ப போட்டுக்குங்க."

"கழற்றுறவங்களா இருந்தா?"

"ஏங்க, அத்தான் என்ன சொன்னாரோ அதைச் செய்ங்க. என் உயிரை வாங்காதீங்க."

அத்தான் என்றது அவளுடைய அக்கா வீட்டுக்காரரை. கிடங்குக்காரருக்குச் சகலை. இந்த நாட்டில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர். போன வாரம் முழுக்க அவர் இவர்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார்.

"இங்க நாலு வீட்டுக்கு நாப்பது வழக்கம், மாப்பிள்ளை. ஒரு வீட்டுல மரியாதைங்கிறது அடுத்த வீட்டுல அவமானம். எதையும் வாயத் திறந்து கேக்காத. எதைப் பாத்தும் ஆச்சரியப்படாத. அவங்க என்ன செய்றாங்களோ அதையே நீயும் செய். முடிஞ்சுது சோலி."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் கூப்பிட்டிருப்பது மேலாளர். கிடங்கு ஊரின் ஒரு கோடி, தலைமை அலுவலகம் மறு கோடி என்பதால் கிடங்குக்காரர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலாளர் தலையசைத்தால் ஊரிலிருக்கும் பிள்ளைகளை இங்கே அழைத்துக்கொள்ளலாம். அசைக்காவிட்டால் இவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, சனிக்கிழமை சாயங்காலம் சார் வீட்டில் சாப்பாடு, மனைவியோடு வரவும், ஐந்தாம் மாடி என்று சொல்லி வைத்துவிட்டாள். ஐந்தாம் மாடியில் ஒரு கதவு இறுக மூடிக் கிடந்தது. ஒரு கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டவர் கதவை மூடியா வைத்திருப்பார்?

கடைசியில் கழற்றிவிட்டு, பழக்கூடையோடு கதவைத் தள்ளினார்.

உள்ளே உயரமாக, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரும் பூப்போட்ட சட்டையணிந்த ஓர் அம்மாளும் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். இருவர் காலிலும் பளபளவென்று ஷூ.

"வாங்க! வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்!" என்றார் மேலாளர். சொல்லிக்கொண்டே இவருடைய வெறுங்காலைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

கிடங்குக்காரர் ஒரே எட்டில் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் மேலாளரும் அவர் மனைவியும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான்கு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் மறுபடி கழற்றினார். அவர்கள் மறுபடி போடக் குனிந்தார்கள்.

"போதும், அப்படியே நில்லுங்க," என்று கிடங்குக்காரரின் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் முணுமுணுத்தாள். அவர் நின்றார். அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த நாட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி உண்டு. கிடங்குக்காரருக்கு அது அரைகுறை. மேலாளரோ ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, பொறுக்கி வைத்துப் பேசினார். புதிதாக வந்தவனுக்குப் புரியட்டும் என்று எவ்வளவு பொறுமையாகப் பேசுகிறார் என்று கிடங்குக்காரர் நெகிழ்ந்துபோனார்.

பழக்கூடையை நீட்டினார். மேலாளரின் மனைவி அதை வாங்கிக்கொண்ட கையோடு, ஒரு பீங்கான் ஜாடியை எடுத்து இவர் மனைவியிடம் நீட்டினாள்.

"கொடுத்ததுமே திருப்பித் தர்றாங்க," என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"வழக்கமா இருக்கும். ஆச்சரியப்படாத."

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. நான்கு பேரும் நின்றார்கள். வீட்டுக்காரர் உட்காராமல் விருந்தாளி உட்காரக் கூடாது என்பது சகலையின் பாடம். பக்கத்திலேயே இலவம்பஞ்சு மெத்தை போலக் கொழுத்த ஒரு சோபா இருந்தது. கிடங்குக்காரர் அதைப் பார்ப்பதும் மேலாளரைப் பார்ப்பதுமாக இருந்தார். மேலாளரும் அந்தச் சோபாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் உட்காரவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். அலமாரியிலிருந்த யானை பொம்மையை நான்கு பேரும் சேர்ந்து பார்த்தார்கள்.

"வீடு ரொம்ப அழகா இருக்கு," என்றார் மேலாளர்.

சொந்த வீட்டைத் தானே புகழ்கிறாரே என்று நினைத்தாலும், "ஆமாங்க, ரொம்ப அழகு," என்றார் கிடங்குக்காரர்.

"உங்க வீடு மாதிரி எங்கேயும் பார்த்ததில்ல."

இது சகலை சொல்லிக்கொடுத்ததுதான். வந்தவரைப் பார்த்து உங்க வீடு என்று சொல்வது பெரிய மனுஷர்களின் பண்பு. உடனே ஒத்துக்கொண்டால் நாகரிகமில்லை.

"ஐயோ, இல்லீங்க. உங்க வீடு."

"இல்ல, இல்ல. உங்க வீடு."

"உங்க வீடுதாங்க."

மேலாளர் குழம்பிப்போய்த் தன் மனைவியைப் பார்த்தார். அவள் ஏதோ காதில் சொன்னாள். அவர் இன்னும் பணிவாகக் குனிந்து, "உங்க வீடு," என்றார்.

கிடங்குக்காரரின் மனைவி இவர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "ஒத்துத் தொலைங்க. என் முட்டி விட்டுப்போச்சு."

"சரிங்க," என்றார் கிடங்குக்காரர் தோற்றுப்போனவராக. "எங்க வீடுதான். உட்காருங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மேலாளரும் மனைவியும் சோபாவில் தொப்பென்று விழுந்தார்கள். இவர்களும் விழுந்தார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். உள்ளறையில் ஒரு போன் அடித்தது. இவர் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். அது அடித்து அடித்து ஓய்ந்தது. விருந்தாளி இருக்கும்போது போனைக்கூடத் தொடாத மனுஷர் என்று கிடங்குக்காரருக்கு மரியாதை கூடியது.

ஆனால் மரியாதை வயிற்றை நிரப்புமா? நேரம் போய்க்கொண்டே இருந்தது. சாப்பாட்டுப் பேச்சையே காணோம். கொஞ்ச நேரத்தில் அடுக்களையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. நான்கு மூக்கும் ஒன்றாகச் சுருங்கின. மேலாளரின் மனைவி இவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். இவர் மனைவியும் சிரித்தாள். வாடை கூடியது. சிரிப்பும் கூடியது.

"ஒரு நிமிஷம், காத்து வாங்கிட்டு வர்றேன்," என்று கிடங்குக்காரர் பால்கனிக்குப் போய்ச் சகலைக்குப் போன் போட்டார்.

"அடுப்புல கருகுது. அந்தம்மா அசையவே மாட்டேங்குது. நான் என்ன பண்றது?"

மறுமுனையில் சகலை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அட, அதிர்ஷ்டக்காரன்யா நீ! நெருக்கமா நினைக்கிற ஆளுங்களைத்தான் அப்படி விடுவாங்க. வந்த பொம்பளை அடுக்களைக்குள்ள உரிமையோட போகுதான்னு பாக்குறாங்க. உடனே அவளை அனுப்பு!"

"நெசமாவா?"

"நான் எத்தனை வீடு பாத்திருக்கேன்!"

கிடங்குக்காரர் உள்ளே வந்து மனைவியின் காதைக் கடித்தார். அவள் பார்த்த பார்வையில் அடுப்பே தேவையில்லை, குழம்பு தானாகக் கொதித்திருக்கும். ஆனாலும் எழுந்து போனாள். பாத்திரங்கள் உருள்வதும் அலமாரிக் கதவுகள் அடித்துக்கொள்வதும் கேட்டன.

மேலாளரின் மனைவி அவள் பின்னாலேயே போனாள். சற்றுக் கழித்துக் கிடங்குக்காரர் மெல்ல எட்டிப் பார்த்தார். மனைவி வேர்த்து விறுவிறுத்து, அடிபிடித்த பாத்திரத்திலிருந்து மேலாக இருந்த குழம்பை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் உதவட்டுமான்னு கேக்கறாங்க!" என்று தமிழில் சீறினாள். "யாரை? என்னை! அவ வீட்டு அடுக்களையில நின்னுக்கிட்டு, தட்டு எங்க இருக்குன்னு என்னையே கேக்கறா!"

"சிரிச்சுக்கிட்டே சொல்லு, சிரிச்சுக்கிட்டே."

"சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்றேன்!"

சோறு மேசைக்கு வந்தது. யாரும் கை வைக்கவில்லை. கடைசியில் பசி தாங்காமல் கிடங்குக்காரர் ஒரு கவளம் எடுத்தார். அவ்வளவுதான், எதிர்ப்பக்கம் இருவரும் பாய்ந்தார்கள். தட்டில் மிச்சம் வைத்தால் அவமானம் என்று சகலை சொல்லியிருந்ததால் இவர் வழித்துச் சாப்பிட்டார். இவர் வழிப்பதைப் பார்த்து அவர்களும் வழித்தார்கள். தட்டு காலியானதைப் பார்த்து இவர் மனைவி மறுபடி போட்டாள். பாத்திரத்தில் கருகல் மட்டும்தான் மிஞ்சியது.

"ரொம்ப நல்லா சமைச்சிருக்கீங்க," என்றார் மேலாளர் இவர் மனைவியிடம்.

அவள் ஒரு மாதிரியாகச் சிரித்தாள். வீட்டுக்குப் போனதும் அந்தச் சிரிப்புக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும் என்று கிடங்குக்காரருக்குத் தெரியும்.

வயிறு முட்டியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"சார், வேலை விஷயமா..." என்று இழுத்தார். "நிரந்தரம் ஆகுமா ஆகாதான்னு மனசுல ஒரே கவலை."

மேலாளரின் முகம் வாடிப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் அதே கவலைதான், சார். தூக்கமே இல்ல. என்னால முடிஞ்ச மட்டும் உழைக்கிறேன். நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

கிடங்குக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. எப்பேர்ப்பட்ட பதவி, எப்பேர்ப்பட்ட தன்மை! கீழே வேலை பார்க்கிறவனிடம் தன் வேலையைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிற மேலாளரை எந்த நாட்டில் பார்க்க முடியும்? மேலே இருப்பவர்களுக்கும் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது போலிருக்கிறது. பாவம். தன் கவலையை மறந்து அவருக்கு ஆறுதல் சொல்லத் தோன்றிவிட்டது.

"நீங்க எதுக்கு சார் கவலைப்படறீங்க? உங்க வேலை நிரந்தரம்தான். அதை யாராலயும் அசைக்க முடியாது. நான் சொல்றேன்."

மேலாளர் எழுந்தே விட்டார். இவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு குலுக்கினார். கண்ணில் நீர் முட்டியது. தன் மனைவியிடம் ஏதோ ஒரு மொழியில் கத்தினார். அவள் கன்னத்தில் கைவைத்து அழ ஆரம்பித்தாள். பிறகு ஓடிவந்து கிடங்குக்காரரின் மனைவியைக் கட்டிக்கொண்டாள்.

"என்னங்க சொன்னீங்க?"

"நல்லதாத்தான் சொன்னேன்."

"நம்ம விஷயம் கேட்டீங்களா?"

"இந்த நேரத்துல எப்படிக் கேக்கறது? மனுஷன் அழறாரு."

பெண்கள் இருவரும் பாத்திரம் கழுவினார்கள். அவள் கழுவாமல் விடமாட்டேன் என்றாள், இவளும் விடவில்லை. கருகின பாத்திரத்தை மட்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தேய்த்தார்கள். கிடங்குக்காரர் சோபாவில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால் மேலாளரும் எதிரே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். முதன்முதலாக இந்த வீட்டில் ஒரு காரியம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

"கிளம்பலாமா?" என்றாள் மனைவி, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி.

அவர்கள் எழுந்ததும் மேலாளரும் மனைவியும் எழுந்தார்கள். இவர்கள் செருப்பு மாட்டியதும் அவர்களும் ஷூ மாட்டினார்கள். அந்தம்மாள் கைப்பையைக்கூட எடுத்துக்கொண்டாள்.

"வழியனுப்பக் கீழ வரைக்கும் வர்றாங்க போல," என்று கிடங்குக்காரர் கிசுகிசுத்தார். "எவ்வளவு மரியாதை பாரு."

நான்கு பேரும் நடையில் வந்து நின்றார்கள்.

"சரி சார், நீங்க உள்ள போங்க," என்றார் கிடங்குக்காரர்.

"நீங்க உள்ள போங்க, சார்," என்றார் மேலாளர்.

"பரவால்ல, நீங்க போங்க. நாங்க பாத்துப் போய்க்கிறோம்."

"இல்ல சார், நீங்க முதல்ல உள்ள போங்க. அப்புறம்தான் நாங்க கிளம்புவோம்."

கிடங்குக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இனி இதற்கு மேல் ஒரு மரியாதையையும் தாங்கும் தெம்பு அவளிடம் இல்லை.

அப்போது எதிர்ப்பக்கம் மூடியிருந்த கதவு திறந்தது. கலகலவென்று பேச்சுச் சத்தமும் சாப்பாட்டு வாசனையும் வெளியே வந்தன. இவர்கள் யாருக்கும் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். நான்கு பேரையும் பார்த்ததும் அவள் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, புதுசா வேலைக்குச் சேர்ந்த ரெண்டு பேரும் ஜோடி ஜோடியா ஒண்ணாவே வந்துட்டீங்களா! விருந்தாளிக்குப் போன் போட்டு அவசரப்படுத்தக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் பசியோட உட்கார்ந்திருக்கார், வாங்க வாங்க. எதிர்வீட்டுக்காரங்களும் எங்ககூடத்தான் பேசிக்கிட்டிருக்காங்க, அடுப்புல குழம்பை வச்சுட்டு வந்தோமேன்னு இப்பத்தான் ஞாபகம் வந்து எழுந்திரிக்கிறாங்க!"