மைக் டெஸ்டிங்கில் பிழைத்த பிரசவ அறை

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே மைக் தேவைப்படாத ஒரே மனிதர், மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். தெருக்கோடியில் நின்று அவர் சாதாரணமாக "சாப்டீங்களா?" என்று கேட்டாலே, வெளியூரிலிருந்து வந்தவர்கள் யாரோ சண்டைக்கு வருகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். வாக்காளர் பட்டியலில் அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்யும். எங்களுக்கு அவர் மைக்செட். அவர் மனைவிகூட, "மைக்செட்டு அந்தப் பக்கம் வந்தா அனுப்பி வைங்க சார், சோறு ஆறுது" என்றுதான் சொல்வார்.

நான் அப்போது அடி அண்ணாமலையிலிருந்து மேற்கே உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். ஊரின் பெயர் வேண்டாம். எழுதினால் இன்னும் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் மெமோ வரும். ஜனங்களுக்கு நான் கம்பவுண்டர் சார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காகக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. கூட்டம் என்றால் பந்தல், சேர், மைக் மூன்றும் மைக்செட்டின் கடையிலிருந்துதான் வரும். ஆகவே எந்தக் கூட்டமானாலும் நாங்கள் இரண்டு பேரும் கடைசிவரை இருந்து தொலைக்க வேண்டும்.

மற்ற மைக்செட்காரர்கள் "ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிப் பார்ப்பார்கள். இவர் எண்களை வீணாக்க மாட்டார்.

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். சுகர் மாத்திர மூணு வாரமா இல்ல. ஹலோ. கேக்குதா? நாய்க்கடி ஊசிக்கு டவுனுக்குப் போ சொல்றாங்க. ஹலோ, சவுண்டு கம்மியா இருக்குதா? கக்கூஸ்ல தண்ணி வரல, தண்ணி வரல, ஹலோ."

அதிகாரிகள் மேடையில் நெளிவார்கள். ஆனால் யாரும் தடுக்க முடியாது. கேட்டால், "டெஸ்ட் பண்றேன் சார். நடுவுல மைக் புட்டுக்கிச்சுன்னா என்னத்தான திட்டுவீங்க?" என்பார். சில கூட்டங்களில் டெஸ்டிங்கே முக்கால் மணி நேரம் ஓடும். ஊர்க்காரர்கள் டெஸ்டிங்குக்குச் சரியாக வந்துவிட்டு, கூட்டம் ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார்கள். மாத்திரை தராத ஆள் என்று என்னையும் பெயர் சொல்லியே டெஸ்ட் செய்திருக்கிறார். ஸ்டாக் வராததற்கு நான் என்ன செய்வேன்? அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கையில், எங்கள் சுகாதார நிலையத்துக்கு எதிர்காலம் வந்தது.

சென்னையிலிருந்து ஓர் ஆலோசனைக் கம்பெனி வந்து இறங்கியது. "நம் நிலையம், நம் கனவு" என்று பேனர். பொதுமக்களைக் கலந்தாலோசித்து அடுத்த பத்து வருஷத்துக்குத் திட்டம் போடப் போகிறார்களாம். பொதுமக்கள் பங்கேற்பு என்ற வார்த்தையைக் கேட்டால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஏனென்றால் அந்த வரைபடத்தை நான் பார்த்துவிட்டேன். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே, ஆலோசகர் ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். முடிவு, அளவு, நிறம் எல்லாம் அதில் இருந்தது. பிரசவ அறை இருந்த இடத்தில் தியான மண்டபம். பக்கத்தில் மூலிகைத் தோட்டம். கிரிவலம் வருகிறவர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்து மூச்சு விடுவதற்கு. எங்கள் ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்கு டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. ஐப்பசியில் வேலை ஆரம்பம். தாலி கட்டி முடித்துவிட்டு, பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்க வந்திருந்தார்கள்.

முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்து, கனவை எழுதி அட்டையில் ஒட்டச் சொன்னார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். கரும்பு வெட்டிவிட்டு நேராக வந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே கனவைச் சொன்னார்கள்: "பிரசவ ரூம எடுக்காதீங்க." ஆலோசகர் அந்தச் சீட்டுகளையெல்லாம் பொறுமையாக எடுத்து, "இதர ஆலோசனைகள்" என்ற அட்டைக்கு மாற்றி ஒட்டினார். நடவடிக்கைக் குறிப்பை அவரே வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "பொதுமக்கள் திட்டத்தைக் கைதட்டி வரவேற்றனர்." இதையும் என் அழகான கையெழுத்தில்தான் எழுதினேன். பென்ஷன் வாங்க இரண்டு வருஷம்தான் பாக்கி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் கூட்டத்தில், சென்ற கூட்டத்தின் குறிப்பு படிக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று ஆலோசகர் சொன்னதும், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த மைக்செட் முன்னால் வந்தார்.

"எப்டி சார் கொள்றது? படிச்சாத்தான கொள்ள முடியும்? கம்பவுண்டர் சார், இந்தாங்க மைக்கு. படிங்க."

படித்தேன். கைதட்டல் வரி வரும்போது மட்டும் குரலை இறக்கிப் பார்த்தேன். அவர் அங்கிருந்தே சவுண்டை ஏற்றிவிட்டார். என் பொய் மலை வரைக்கும் போய் மோதித் திரும்பி வந்தது.

"யாரு கைதட்டினது?" என்று கேட்டார் மைக்செட்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "நான் தட்டினேன் அண்ணா. கொசு."

"நானுந்தான்," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "இங்க கொசு ஜாஸ்தி."

பந்தலே சிரித்தது. மைக்செட் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "மாத்திர இல்லன்னா உங்கள திட்டுவேன் சார், அது சும்மா. இது சும்மா இல்ல. எம்பொண்ணுக்குக் கார்த்திகையில நாள் குடுத்திருக்காங்க" என்றார்.

அவர் கையால் மூடிச் சொன்னதே கடைசி வரிசைவரை கேட்டது. அவருடைய மகள் செல்வி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். கார்த்திகை என்றால் தீபம். தீபத்தன்று எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போவதென்றால் கிரிவலப் பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதைத் தாண்டுவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஐப்பசியில் எங்கள் பிரசவ அறையை இடித்துப்போட்ட பிறகு அந்தப் பெண் எங்கே போவாள்? இந்தக் கேள்வியை ஆலோசகரிடம் எங்கள் டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "ஆம்புலன்ஸ் இருக்கே மேடம், மேப்ல இருபது நிமிஷம்தான் காட்டுது" என்று செல்போனைத் திருப்பிக் காட்டினார் ஆலோசகர். எனக்கு அந்தச் செல்போனைப் பிடுங்கி வாய்க்காலில் எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. குறிப்பு எழுதினேன்.

இறுதி ஒப்புதல் கூட்டத்துக்குத் தேதி குறிக்க வேண்டும். ஆலோசகர் பொதுமக்களிடமே கேட்டார். பங்கேற்பு அல்லவா? மைக்செட் கணீரென்று ஒரு தேதியைச் சொன்னார்.

"அன்னைக்கு வைங்க சார், மூணு மணிக்கு. ஜனம் எக்கச்சக்கமா வரும். நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க, அவ்ளோ ஜனம்."

ஆலோசகருக்கு மகிழ்ச்சி. குறித்துக்கொண்டார். நான் நிமிர்ந்து, சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பந்தலில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. இந்த ஊரில் நாள் சொன்னால் பால் குடிக்கிற குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் தேதியைப் பார்ப்பார்கள். பௌர்ணமியைப் பார்க்க மாட்டார்கள்.

அந்த ஆவணிப் பௌர்ணமியன்று மதியம் கம்பெனியின் இரண்டு கார்களும் ரமணாசிரமத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டன. தடுப்புக் கட்டையருகில் நின்ற போலீஸ்காரர், "கிரிவலம் சார், இனிமே நடதான்" என்று சொல்லிவிட்டார். ஆலோசகர் எனக்கு போன் செய்தார். வேறு வழி இல்லையா என்று கேட்டார். மேப்பில் பாருங்கள் என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் பென்ஷன் வந்த அன்றுகூடக் கிடைக்கவில்லை.

நடந்தார்கள். ஆலோசகருக்கு லேப்டாப் பை ஒரு தோளில், சுருட்டிய வரைபடம் ஒரு கையில். ஷூவோடு மலையைச் சுற்றுகிறாரே என்று ஒரு பெரியவர் அதட்ட, ஷூவும் இன்னொரு கைக்கு வந்தது. யாரோ நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார்கள். யாரோ தொன்னையில் புளியோதரை கொடுத்தார்கள், வாங்கக் கை இல்லை. எங்கள் பந்தலுக்கு வந்து சேரும்போது மணி ஆறுக்குப் பக்கம். மூன்று மணியிலிருந்து ஊரே அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் எழுந்து போகாத ஒரே கூட்டம் அதுதான்.

ஆலோசகர் சேரில் விழுந்தார். பாதமெல்லாம் கொப்புளம். நான்தான் களிம்பு போட்டேன். மைக்செட் அன்றைக்கு டெஸ்டிங் எதுவும் செய்யவில்லை. நேராக மைக்கை எடுத்தார்.

"மூணு மணிக் கூட்டத்துக்கு ஆறு மணிக்கு வந்துக்கினு இருக்கீங்க. உங்கள ஒண்ணும் சொல்லல சார். உங்களுக்கு கால் இருக்குது, நடந்துட்டீங்க. வலி எடுத்த பொண்ணு நடப்பாளா? இன்னா சார் பாக்கறீங்க? கேக்கறேன்ல, நடப்பாளா?"

"ஆம்புலன்ஸுக்கு வழி விடுவாங்கல்ல?" என்றார் ஆலோசகர்.

பந்தலோரத்தில் நின்றிருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் பதில் சொன்னார். "எல்லாரும் நல்ல ஜனம் சார். வழி விடணும்னுதான் நெனப்பாங்க. ஒதுங்க எடம் இருந்தாத்தான ஒதுங்குவாங்க?"

மைக்செட்டுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "இத்தன வாட்டி கூப்ட்டு கூப்ட்டு ஒக்கார வச்சீங்களே, எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? நாங்க சொன்னத எல்லாம் பக்கத்து அட்டையில கொண்டுபோய் ஒட்டினீங்க. எங்கள பாத்தா எப்டி இருக்குது சார் உங்களுக்கு?" என்று ஆரம்பித்தவர், அரை மணி நேரம் விடவில்லை. தியான மண்டபத்தைப் பற்றி அவர் சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது. செல்வி, "அப்பா, போதும்ப்பா" என்று இரண்டு தரம் சொன்னாள். எனக்குப் போதவில்லை. இன்னும் திட்டட்டும் என்றுதான் இருந்தது. அவர் கத்தியதெல்லாம் நான் கத்தியிருக்க வேண்டியது.

ஆலோசகர் அன்று குறிப்பு எழுத எனக்கு எதையும் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தார். நடந்ததை நடந்தபடி நானே எழுதினேன். "பிரசவ அறையை எடுக்கப் பொதுமக்கள் ஒப்புதல் அளிக்கவில்லை." அடியில் கையெழுத்துப் போடச் சொல்லி ஊரார் முன் நீட்டினேன். முதல் கையெழுத்து கொசு அடித்த பெண்ணுடையது. கடைசியில் ஆலோசகரும் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. நடக்காமல் திட்டம் போட்டவர், அவ்வளவுதான்.

மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. பிரசவ அறை தொடரும், "தற்காலிகமாக". இந்த ஒரு வார்த்தையைச் சேர்க்காமல் இருந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காதா? பிள்ளைப் பேறு என்ன தற்காலிகமாக நிறுத்தி வைக்கிற காரியமா? இன்றுவரை அந்த வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. தியான மண்டபம் இன்னும் ஏதோ கோப்பில் படுத்திருக்கிறது. அதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தீபத்தன்று மதியம் செல்விக்கு வலி எடுத்தது. வீட்டுக்கும் நிலையத்துக்கும் கூப்பிடு தூரம்தான். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டாள். மைக்செட்தான் இல்லை. காலையிலேயே டவுனில் ஓர் அன்னதானப் பந்தலுக்கு மைக் கட்டப் போனவர், ஜனத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டுவிட்டார். ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்ன மனுஷனுக்கு அன்றைக்கு அந்தப் பக்கம் என்ன வேலை என்று எனக்கு வந்த கோபத்தில், போனில் அவரை முதல்முறையாக நான் திட்டினேன்.

நாலரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். நான் மைக்செட்டுக்கு போன் போட்டேன்.

"கம்பவுண்டர் சார், போன கொழந்த கிட்ட வைங்க சார்," என்றார்.

"கிட்ட வேணாம்," என்றார் டாக்டரம்மா. மைக்செட்டின் குரல் டாக்டரம்மாவுக்கும் தெரியும். நான் கதவோரம் நின்று கையை நீட்டிப் பிடித்தேன். ஸ்பீக்கர்கூடப் போடவில்லை.

"தாயீ! நான் தாத்தாடீ! ரோட்டுல இருக்கேன், வந்துக்கினே இருக்கேன்! யப்பா, கொஞ்சம் ஒதுங்குங்கப்பா, எம்பேத்தி பொறந்துட்டா! தாயீ, கேக்குதா?"

நர்ஸ் திடுக்கிட்டுக் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை, நடந்துகொண்டே, தள்ளிக்கொண்டே, கத்திக்கொண்டே இருந்தார். என் கை வலித்தது. போனை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த கட்டிலில் இருந்த பெண் பயந்துபோய், "யாரு சார் அது, இப்டி கத்தறது?" என்று கேட்டாள்.

"எங்க ஆளும்மா," என்றேன்.