கடையை மாற்றச் சொன்னேன், குளிர்பெட்டியை மாற்றுகிறார்கள்

கடித எண்: 7 / 2025
நாள்: 23.11.2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம்
இடம்: ஆனையூர், மதுரை

அனுப்புநர்: விருமாண்டி, கூட்டுறவுச் சங்கச் செயலாளர் (பணி ஓய்வு 31.05.2009)
பெறுநர்: சோலை, விவசாயி, எழுமலை

பொருள்: தங்கள் மகன் செல்வக்குமாரை என் வீட்டு மாடியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளுதல் தொடர்பாக.

பார்வை: 09.11.2025 அன்று தாங்கள் கைபேசியில், "பய எப்படி இருக்கான் மச்சான்?" என்று கேட்டதும், நான் பதில் கூறாமல் இணைப்பைத் துண்டித்ததும்.

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமும், என் தங்கை முத்துத்தாயின் நலமும், கிணற்றில் தண்ணீரின் நலமும் அறிய ஆவல். இத்துடன் மரியாதைகள் முடிந்தன. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் மகன் பெங்களூரு வேலையை விட்டுக் கப்பலூர்த் தொழிற்சாலையில் சேர்ந்து, 03.03.2025 திங்கட்கிழமை என் வீட்டு மாடியில் குடியேறினான். தாய்மாமன் வீடு, வாடகை வாங்குவது முறையல்ல என்று நான்தான் சொன்னேன். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் மாடியில் கூட்டம் கூடலாயிற்று. கீழவாசலில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிரிதரன், தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்தும் இம்மானுவேல், இவர்களோடு இன்னும் ஏழெட்டுப் பேர். கூட்டத்தின் பெயர் மதுரை நுரைச் சுவைஞர் பேரவை. நுரை என்றதும் நான் சோப்பு வியாபாரம் என்று நினைத்தேன். பீர், மாப்பிள்ளை. சின்னச் சின்ன ஆலைகளில் கைப்பக்குவமாக வடித்து, அங்கேயே குழாயைத் திருப்பி ஊற்றிக் கொடுக்கிற பீர். அப்படிப்பட்ட கடை ஒன்றுகூட நம் மதுரையில் கிடையாது என்பதால், மாதம் ஒருமுறை ரயிலேறிப் பெங்களூருக்கோ, பேருந்தேறிப் பாண்டிச்சேரிக்கோ போய்க் குடித்துவிட்டு வந்து, மீதி நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசுவதுதான் பேரவையின் பணி.

குடிக்கிறார்களா என்று நான் மூன்று முறை முன்னறிவிப்பின்றி மாடியேறிச் சோதித்தேன். ஒரு பாட்டில் கிடையாது. எல்லோர் கையிலும் தள்ளுவண்டிப் பருத்திப்பால். பருத்திப்பாலைக் குடித்துக்கொண்டே, "பெங்களூரு இந்திராநகர் மாடிக்கடை கோதுமை பீர்ல கொய்யா வாசம் வரும் பாருங்கண்ணே, அது கோரமங்களால வராது" என்கிறான் ஒருவன். "கொய்யாவா? எனக்கு ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும்தான் வந்துச்சு. ஒன் மூக்கைக் கழுவு மாப்ள" என்கிறான் இன்னொருவன். "ரெண்டு பேரும் பாண்டிச்சேரிக் கருப்பு பீரைக் குடிக்காம பேசாதீங்கடா, காப்பிக்கொட்டை கருகுன வாசம், நாக்குல அரைமணி நேரம் நிக்கும்" என்கிறான் தங்கள் புத்திரன். கொய்யா ஆனையூர்ச் சந்தையில் கிடைக்கிறது. கொத்தமல்லி விதை என் அடுப்படியில் இருக்கிறது. காப்பிக்கொட்டையைக் கருகவிட என் வீட்டுக்காரி அழகம்மாளுக்கே தெரியும். இதற்கு ரயிலேற வேண்டுமா? பாட்டில் இருந்திருந்தால் அன்றே கையும் களவுமாகப் பிடித்து எழுமலைக்குப் பேருந்தேற்றியிருப்பேன். வெறும் பேச்சை எப்படி ஐயா பிடிப்பது? அழகம்மாளோ அவர்களுக்கு வேர்க்கடலை அவித்துக் கொடுத்துவிட்டு வந்து, "குடிக்காமலே இம்புட்டுப் பேசுறானுகளே, பாவம்" என்கிறாள்.

அழகம்மாளைப் பற்றிச் சொல்லும்போதுதான் நெஞ்சு எரிகிறது. பள்ளிக்கூட முக்கில் இருக்கும் மதுக்கடையைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். 08.08.2025, ஆடி நான்காம் வெள்ளி, மாலை ஆறரை மணிக்கு அவள் அம்மன் கோயிலுக்கு அந்த வழியாகப் போகையில், கடையிலிருந்து வந்த ஒரு ஆசாமி சாய்ந்து அவள்மேல் விழுந்து, பூத்தட்டும் அவளும் சாக்கடை ஓரத்தில் கிடந்தார்கள். இடுப்பெலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் அந்த வழியில் நடப்பதில்லை. பொழுது சாய்ந்தால் வாசற்படியைத் தாண்டுவதில்லை. நாற்பத்தெட்டு வருடமாக என்னை எதிர்த்துப் பேசி வந்த பெண்பிள்ளை, கோயிலுக்குத் துணைக்கு வரச் சொல்லி என் முகத்தைப் பார்க்கிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே அந்தக் கடையை அங்கிருந்து மாற்றக் கோரி, பதினேழு காரணங்களுடன் ஒரு மனு தயாரித்தேன். பள்ளி, கோயில், வளைவான சாலை, போதிய தெருவிளக்கு இன்மை என ஒவ்வொன்றும் உட்பிரிவுகளோடு. கையெழுத்துக்கு அலைந்தபோது முதலாவதாகப் பேனாவைப் பிடுங்கியவன் செல்வக்குமார். "அந்தக் கடையத் தூக்கியே ஆகணும் மாமா" என்றான். பேரவையினர் அனைவரும் போட்டார்கள், தெருத்தெருவாகப் போய் இன்னும் நூறு பேரிடம் வாங்கியும் வந்தார்கள். பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று எண்ணி, 22.09.2025 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் அவர்களுக்கு என் செலவில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். ஏன் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது தீபாவளி. நம் ஊர்க்காரர்களுக்கு நன்றியென்று ஒன்று வந்துவிட்டால் அதை வாயால் சொல்லத் தெரியாது, பேனரில்தான் சொல்ல வேண்டும். 19.10.2025 ஞாயிறு காலை பால் வாங்கப் போகிறேன், முச்சந்தியில் பன்னிரண்டடி உயரத்தில் நான் நிற்கிறேன். "மதுரை நுரைச் சுவைஞர் பேரவையின் கௌரவத் தலைவர், கடையை அகற்றக் களம் கண்ட தாய்மாமன் விருமாண்டி அவர்களின் தீபாவளி வாழ்த்து." கீழே வட்டம் வட்டமாக உறுப்பினர்கள். 'கோதுமை' கிரி, 'கருப்பு' செல்வா, 'கசப்பு' இம்மானுவேல். படம் எங்கே பிடித்தார்கள் என்று பாருங்கள். 12.06.2022 அன்று தங்கள் மகள் கல்யாணத்தில் நான் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருந்த படம். என்னை மட்டும் வெட்டியெடுத்து, நிறத்தை ஏற்றி அச்சடித்ததில், என் கையில் இருப்பது மேலே வெள்ளை நுரையும் கீழே தங்க நிறமுமாக ஒரு தம்ளர். அன்று மாலைக்குள் நம் சாதிசனத்தில் பதினொரு பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். உசிலம்பட்டிச் சித்தப்பா, "எப்பருந்துப்பா?" என்று மட்டும் கேட்டார். செல்வக்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டால், "அது ஜிகர்தண்டாதான்னு சொந்தக்காரங்களுக்குத் தெரியும்ல மாமா" என்கிறான்.

இதையும் பொறுத்தேன், மாப்பிள்ளை. கடை போனால் போதும் என்று பொறுத்தேன். 17.11.2025 திங்கள் காலை பதினொரு மணிக்கு விசாரணை. அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணியமானவர், முகத்தில் எதையும் காட்டாதவர். மனுவைப் புரட்டிவிட்டு, "ஐயா, உங்க பதினேழு காரணத்தையும் படிச்சுட்டேன். கையெழுத்துப் போட்டவங்க யாராச்சும் பேசுறீங்களா?" என்றார். செல்வக்குமார் எழுந்தான். "மேடம், அந்தக் கடை பீரை மனுசன் குடிக்க முடியாது." சபாஷ் என்று நினைத்தேன். ஒழுக்கத்தைச் சொல்கிறான் என்று நினைத்தேன். உடனே கிரிதரன், "வெந்நீர் மாதிரி குடுக்குறாங்க மேடம். குளிர்பெட்டி ஓடுறதே இல்ல. ரெண்டே ரகம், ரெண்டும் ஒரே ருசி" என்றான். இம்மானுவேல், பாடம் நடத்துகிறவன் அல்லவா, விரலை நீட்டிக்கொண்டு, "பெங்களூருல ரகத்துக்கு ஒரு பக்குவம் மேடம். கோதுமைக்கு நல்லாக் குளிரணும், கருப்புக்கு அவ்வளவு கூடாது. கண்ணாடியும் வேற வேற. ஒக்காந்து குடிக்க இடம், கை கழுவத் தண்ணி, கழிப்பறை எல்லாம் இருக்கும். இங்க ரோட்டுல நின்னு குடிச்சா மனுசன் ரோட்டுலதான் விழுவான்" என்றான்.

அந்த அம்மையார் அத்தனையையும் எழுதிக்கொண்டார். "அப்ப கடை இருக்குறது உங்க குறை இல்ல. கடை சரியில்லங்குறதுதான் குறை?"

"அதேதான் மேடம்" என்றான் தங்கள் மகன்.

நான் எழுந்து, அம்மா இது என் மனுவே அல்ல என்று தொடங்கினேன். "ஒக்காருங்கய்யா, நீங்கதான தலைவர்? தீபாவளி பேனர்ல பார்த்தேன். உங்க பிள்ளைங்க தெளிவாத்தான் பேசுறாங்க" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில், "பாண்டிச்சேரில எந்தக் கடைன்னு சொன்னீங்க?" என்று கேட்டாரே பார்க்கலாம். மூவரும் மூன்று கடையைச் சொல்லி, அந்த அலுவலகத்திலேயே எது உசத்தி என்று வாதம் நடந்தது.

20.11.2025 தேதியிட்ட ஆணை நேற்று வந்தது. மேற்படி கடையில் பெரிய குளிர்பெட்டி வைக்கவும், ரகங்களை அதிகப்படுத்தவும், பின்புறச் சுவரை இடித்து இருக்கைகளும் கழிப்பறையும் அமைக்கவும் உத்தரவிடப்பட்டு, மனுதாரர் விருமாண்டியின் கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டதாகக் கருதி மனு முடித்துவைக்கப்படுகிறது. முழுமையாக. என் கையெழுத்தின் பேரில் அந்தக் கடை பெரிதாகப் போகிறது, மாப்பிள்ளை. இந்த ஆணையை நான் அழகம்மாளுக்கு வாசித்துக் காட்டவில்லை. "என்னங்க வந்திருக்கு?" என்று கேட்டாள். மின்கட்டணம் என்றேன். செல்வக்குமாரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஜெயிச்சுட்டோம்ல மாமா" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லையா?" என்றான். எனக்கு அடிக்கக் கை வந்தது. இருபத்தொன்பது வயதுப் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று மாடிப்படியை அடித்தேன். கை வீங்கியிருக்கிறது. இக்கடிதத்தின் கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுவே காரணம்.

ஆகவே, தாங்கள் 30.11.2025 ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரில் வந்து தங்கள் மகனை அழைத்துச் செல்ல வேண்டியது. வராத பட்சத்தில் அவனுடைய துணிமணிகளை நானே எழுமலைப் பேருந்தில் ஏற்றிவிடுவேன். அவன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் என் கையால் வராது. நான் செத்தாலும் பேரவைக்காரன் எவனும் எனக்குக் கண்ணீர் அஞ்சலிப் பேனர் வைக்கக்கூடாது. இது என் முடிவான முடிவு. மாற்றமில்லை.

தங்கையைக் குளிரில் தலைக்குக் குளிக்க வேண்டாம் எனச் சொல்லவும். தங்கள் குடும்பமும் காடுகரையும் கன்றுகாலியும் நோய்நொடியின்றி நிறைந்திருக்க, கோபத்திலும் குறையாத ஆசிகளுடன்,

விருமாண்டி

பின்குறிப்பு (25.11.2025, செவ்வாய், காலை 9 மணி 15 நிமிடம்): ஞாயிறன்று தபால் நிலையம் விடுமுறை. நேற்று இதைச் சேர்ப்பிக்கப் போகும் வழியில் பள்ளிக்கூட முக்கில் கூட்டம். ஆணையின்படி சுவரை இடிக்க ஆள் வந்திருக்கிறது. கடைக்கு இடத்தை வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடக்காரர் சுவருக்கு முன்னால் கையை விரித்து நிற்கிறார். "என் அப்பன் கட்டுன செவுத்தை இடிச்சுக் கக்கூஸ் கட்டுவீங்களோ? காலி பண்ணுங்கடா முதல்ல" என்று சொல்லி, மதியம் ஒரு மணிக்குள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டார். வேறு இடம் கிடைக்கும்வரை கடை கிடையாது. என் பதினேழு காரணத்தால் அசையாத கடை, இவர்கள் கேட்ட கழிப்பறையால் போய்விட்டது. கார்த்திகைச் சோமவாரமாதலால் மாலை அழகம்மாள் பூத்தட்டோடு அந்த வழியாகவே தனியாகக் கோயிலுக்குப் போய்த் திரும்பினாள். நான் இருபதடி பின்னால் போனேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவாள்.

ஆகையால் மேற்கண்ட கடிதத்தில் மரியாதைகளும் ஆசிகளும் தவிர எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். செல்வக்குமாரை அழைத்துச் செல்ல வந்துவிட வேண்டாம், அவன் இங்கு அவசியம் தேவைப்படுகிறான். இரண்டு தெரு தள்ளி வேறொரு கட்டடம் பார்க்கிறார்களாம். 08.12.2025 திங்கட்கிழமை புதிய மனு. இம்முறை தலைவர் என்ற முறையில் நானே வரிசைப்படுத்தித் தருகிறேன். வெறும் குளிர்பெட்டியோடு விடுவதாயில்லை. ஆறு குழாய், ரகத்துக்கொரு கண்ணாடி, கண்ணாடி கழுவத் தனித் தொட்டி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, மாடிக்குப் படிக்கட்டு. எந்தக் கட்டடக்காரன் தாங்குகிறான் என்று பார்ப்போம்.

இணைப்பு:
1. பதினேழு காரணங்கள் அடங்கிய மனுவின் நகல்.
2. 20.11.2025 தேதியிட்ட ஆணையின் நகல்.
3. பேனரின் புகைப்படம். (தங்கையிடம் காட்ட வேண்டாம்.)
4. புதிய கோரிக்கைகளின் வரைவு, 41 இனங்கள். கருப்பு பீருக்கு எந்தக் கண்ணாடி என்பதில் பேரவையில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படாததால் 23ஆம் இனம் காலியாக விடப்பட்டுள்ளது.
5. செல்வக்குமாரின் துணிமணிகள் அடங்கிய பை, ஒன்று. (மாடிக்கே திருப்பி அனுப்பப்பட்டது.)