பஸ்பச் சாமியும் பாதி மூஞ்சித் தோஷமும்

அக்னி நட்சத்திர வெயிலில் அன்னவாசல் ரோட்டில் தாரே உருகியது. தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த பஸ்பச் சாமியின் முகம் மட்டும் உருகவில்லை. ஒரு சொட்டு வேர்வை கிடையாது. மூக்கு நுனியில்கூடப் பளபளப்பு கிடையாது. சுட்டெடுத்த மண்சட்டி மாதிரி வறண்டு, மங்கி, சாந்தமாக இருந்தது. போதாதா? நிலாவில் மனிதன் இறங்கியதை இன்னும் நம்பாதவர்கள், இதை அன்றைக்கே நம்பிவிட்டார்கள். வேன் பிடித்து வந்தார்கள், ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கறவை மாட்டையே ஓட்டிவந்தார். மாட்டுக்கு மூக்கு எப்போதும் ஈரமாக இருக்கிறதாம்.

சாமியின் சித்தாந்தம் சின்னது. சனிக்கு நல்லெண்ணெய் விளக்குப் போடுகிறோம் அல்லவா? சனி யாரைப் பிடித்திருக்கிறாரோ, அவர் முகத்தில் அந்த எண்ணெய் வழியும். கேட்டவர்களுக்குப் புல்லரித்தது. சாமியின் மைத்துனர் ஆண்டிச்சாமி ஒரு மெல்லிய தாளை முகத்தில் ஒத்தி எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். தாளில் எண்ணெய் ஊறியிருந்தால் தோஷம். உடனே சாமி பஸ்பம் பூசுவார். மறுபடி ஒத்தினால் தாள் சுத்தமாக இருக்கும். பெண்களுக்கு வெள்ளிக்கிழமை, ஆண்களுக்குச் சனிக்கிழமை. மேலிடத்து உத்தரவு. வந்தவர்களில் ஒருவர்கூடத் தோஷம் இல்லாமல் திரும்பியதில்லை. நூற்றுக்கு நூறு எடுக்கும் பள்ளிக்கூடத்தையே சந்தேகப்படுகிற காலத்தில், சாமியை யாரும் சந்தேகப்படவில்லை.

சுடர்விழிக்கு எண்ணெய் முகம். பத்தாம் வகுப்பிலிருந்து அதோடு மல்லுக்கட்டியவள். புதுக்கோட்டை மெடிக்கல் ஷாப்களில் 'எண்ணெய் வடியாது' என்று எழுதிய பவுடர் ஒன்றையும் அவள் விட்டுவைத்ததில்லை. பாதி முகத்தில் பூசுவாள், மறுபாதியைச் சும்மா விடுவாள், வெயிலில் போய் வருவாள், இரண்டையும் டிஷ்யூ தாளில் ஒத்திப் பார்ப்பாள். ஒன்று ஒரு மணி நேரத்தில் திட்டுத் திட்டானது. இன்னொன்று அவளை அரிசி மாவு டின்னுக்குள் விழுந்து எழுந்தவளாக்கியது. ரோஸ் நிற டப்பாவில் வந்த ஒன்று மட்டும் நாலு மணி நேரம் தாக்குப்பிடித்தது. அதற்குப் பிறகு எண்ணெய் வழக்கம்போல வந்து உட்கார்ந்துகொண்டது.

அவளுக்குக் கந்தர்வக்கோட்டையில் ஒரு முந்திரி ஆலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. பத்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமை சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா செவந்தி அவளைச் சாமியிடம் இழுத்துப் போனாள். சாமி பஸ்பத்தைப் பூசிவிட்டு, "நாப்பத்தெட்டு நாளைக்கு வெயில் மேல படக் கூடாது ஆத்தா. வாசப்படி தாண்டுனா குடும்பத்துக்கு ஆகாது" என்றார்.

பஸ்பத்தில் ரோஸ் டப்பா வாசனை வந்தது. சரியாக நாலு மணி நேரத்தில் மூக்கு மறுபடி மின்னியது. வெயில் பட்டால் பூச்சு இன்னும் சீக்கிரம் கரையும்; வெயிலில் போகக் கூடாது என்று சாமி ஏன் சொன்னார் என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"அம்மா, அது கடையில விக்கிற பவுடரு."

"வாயக் கழுவுடி! சாமி குத்தமாயிரும்."

"சரி, வார வெள்ளிக்கெழம எனக்குத் தோஷம் இல்லேன்னு ஆயிட்டா, திங்கக்கெழம வேலைக்கு விடுவியா?"

"சாமி சொல்லட்டும், விடுறேன்" என்றாள் செவந்தி.

முழு முகத்திலும் பூசினால் பெருமை சாமிக்குப் போய்விடும் என்று, வெள்ளிக்கிழமை வலது கன்னத்தில் மட்டும் ரோஸ் டப்பாப் பவுடரைப் பூசிக்கொண்டு சுடர்விழி போனாள். ஆண்டிச்சாமி இடது கன்னத்தில் ஒத்தினார். தாள் நனைந்தது.

"இந்தப் பக்கமும் ஒத்துங்க" என்று வலது கன்னத்தைக் காட்டினாள். தாள் சுத்தமாக வந்தது. கூட்டம் முணுமுணுத்தது.

"சனி பாதி மூஞ்சியத்தான் புடிக்குமா சாமி?" என்று கேட்டாள் சுடர்விழி.

சாமி கண்ணை மூடினார். எண்ணிப் பத்து விநாடி. "அர்த்தநாரித் தோஷம்! ஆயிரத்துல ஒருத்திக்கு வரும். இதுக்கு நாப்பத்தெட்டு நாள் பத்தாது. தொண்ணூத்தாறு!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. செவந்தி சாமியின் காலில் விழுந்தாள். சுடர்விழி டப்பாவை எடுத்துக் காட்டினாள். "சாமிக்கே போட்டியா பவுடர் பூசுறே?" என்று ஒரு அம்மாள் அதட்டினாள். சுடர்விழிக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தாலேயே வேலை போகப் போகிறதே என்று அழுகை வந்தது.

காலில் விழுந்து கிடந்த அம்மாவைத் தூக்கினாள். அம்மாவின் தலையிலிருந்து நல்லெண்ணெய் வாசம் அடித்தது.

"இன்னிக்கித் தல முழுகுனியாம்மா?"

"வெள்ளிக்கெழம எண்ணெ தேச்சு முழுகாத பொம்பள உண்டா?"

சுடர்விழி கூட்டத்தைப் பார்த்தாள். "இன்னிக்கி எண்ணெ தேச்சுக் குளிச்சவங்க கையத் தூக்குங்க."

எல்லாக் கையும் எழுந்தது, பெருமையோடுதான்.

"ஒங்க வீட்டு ஆம்பளைங்க என்னைக்கித் தேய்ப்பாங்க?"

"சனிக்கெழம" என்றாள் பிரகதாம்பாள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தரையும் முந்த விடாதவள் அவள். சொல்லி முடித்தபின், சாமி ஆண்களைப் பார்ப்பதும் அதே நாள்தான் என்பது உறைத்துத் திறந்த வாயை அவள் மூடவில்லை.

சுடர்விழி வாசலில் இருந்த சேவுகன் பஜ்ஜிக் கடைக்கு ஓடி, ஒரு கை கடலை மாவு வாங்கி வந்தாள். அம்மாவின் நெற்றியில் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்தாள். ஆண்டிச்சாமியின் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, எல்லார் கண் முன்னாலும் ஒத்தினாள். தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"ஏழரை வருசம் இருக்க வேண்டிய சனி, பஜ்ஜி மாவுக்குப் பயந்து ஓடிருச்சா சாமி?"

"மாவு போட்டுக் கழுவுறது மகா பாவம்!" சாமியின் குரல் கீச்சிட்டது.

"அப்ப நீங்க வெறுந் தண்ணியில கழுவிக் காட்டுங்க" என்று பிரகதாம்பாள் எழுந்தாள். "தவத்துல காஞ்ச மூஞ்சிதானே, தண்ணிக்கு என்ன பயம்?"

சாமி பின்வாங்கினார். அவள் விடவில்லை. ஈரத் துண்டால் அவர் நெற்றியை ஒரே இழுப்பாக இழுத்தாள். துண்டில் மாநிறமாக ஒரு பூச்சு வந்தது. துடைத்த இடத்தில் இன்னொரு நெற்றி இருந்தது. அது கறுப்பாக இருந்தது, எல்லார் நெற்றியையும் போல எண்ணெய் மின்னியது. இரண்டு நிறத்தில் நின்ற சாமியைப் பார்த்து முதலில் சிரித்தது செவந்திதான். சாமிக்குப் பின்னால் தொங்கிய திரையை யாரோ தூக்க, உள்ளே அட்டைப்பெட்டி நிறைய காலி ரோஸ் டப்பாக்கள் கிடந்தன.

சிரிப்பு வசவாக மாறுவதற்குள் சாமி மைத்துனரின் பைக்கில் ஏறிப் பறந்தார். மாடும் பெண்தானே என்று வெள்ளிக்கிழமை ஓட்டிவந்து வாசலில் நின்ற மாட்டுக்காரர் 'எனக்கு அப்பவே சந்தேகம்' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதட்டிய அம்மாள் சுடர்விழியின் காதில், "அந்தப் பவுடரு எந்தக் கடையில கெடைக்கும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. கடைக்காரர் பவுடரைப் பவுடர் என்று சொல்லித்தான் விற்கிறார்.

திங்கட்கிழமை காலை செவந்தியே மகளை பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னலோரம் வந்து, "நார்த்தாமலப் பக்கம் ஒரு சாமி வந்திருக்காராம். முடி கொட்டுனா நிறுத்திருவாராம்" என்றாள்.

சுடர்விழி முறைத்தாள்.

"மொறைக்காதடி. மொதல்ல அவரு தலைப்பாகையக் கழட்டச் சொல்லிப் பாத்துட்டு வாரேன்."

நெற்றியின் மேல் வழிவது எண்ணெய். அதற்குக் கடலை மாவு போதும். நெற்றிக்கு உள்ளே இருப்பது மூளை. அதை வறண்டுபோக விட்டவர்களுக்குப் பூச எந்தக் கடையிலும் பஸ்பம் இல்லை, அவர்களேதான் யோசித்தாக வேண்டும்.