இருமல் பாயும் ஒன்பதாவது பாட்டும்

உலகத்தில் பாட்டுக் கேட்கிறவர்கள் எத்தனையோ கோடிப் பேர். பாட்டுக்கு நடுவே எவனோ ஒருவன் இருமுகிறானே, அதைக் காது கொடுத்துக் கேட்கிற மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் இருமல் பாய்.

'எங்களுக்கு' என்றால் யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். ஈரச்சாக்கு என்று ஓர் இசைக்குழு இருந்தது. சிரிக்காதீர்கள். திண்டுக்கல் பையன்கள் நாலு பேர் ஒரு வெங்காயக் குடோனில், சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு வாசித்துப் பழகினார்கள். அதனால் அந்தப் பெயர். கல்யாணம், திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள். சினிமாப் பாட்டு நாலைப் பாடிவிட்டு, யாரும் கவனிக்காத நேரம் பார்த்துச் சொந்தப் பாட்டு ஒன்றைச் சொருகிவிடுவார்கள். எட்டுப் பாட்டோடு ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அப்புறம் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ஊர் என்று குழு கலைந்துவிட்டது. ரசிகர்கள் நாங்கள் பதினோரு பேர் மட்டும் கலையவில்லை. செல்போனில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு, ஆல்பத்தில் வராத பாட்டு எந்தத் திருவிழாவில் எவன் போனில் பதிந்து கிடக்கிறது என்று தோண்டித் தோண்டி எடுத்துப் பகிர்ந்துகொண்டிருந்தோம். வெளியில் சொன்னால் வைத்தியம் பார்க்கச் சொல்வார்கள். நானே யாரிடமும் சொன்னதில்லை.

நான் அப்போது ஒரு விதைக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. தக்காளி விதையைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக பைக்கில் அலைகிற பிழைப்பு. போகிற ஊரில் எல்லாம், "அண்ணே, பழைய போன் கிடக்கா? மெமரி கார்டு கிடக்கா?" என்று கேட்டுவைப்பேன். ஒருநாள் அப்படிக் கிடைத்த ஒன்றை, 'தாடிக்கொம்பு திருவிழா, அரிய பதிவு' என்று பெருமையாகக் குரூப்பில் போட்டேன். ரெண்டே நிமிடத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது.

"தம்பி, இது தாடிக்கொம்பு இல்ல. ரெண்டாவது நிமிசத்துல அடித்தொண்டையில ஒரு இருமல் வருதா? அந்த ஆளு சின்னாளபட்டி. ஊர விட்டுக் கச்சேரிக்கு வெளிய போற ஆளே இல்ல அவரு. மாத்திப் போடுங்க."

எனக்கு வந்ததே கோபம்! நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மண்டிக்கே போய்விட்டேன். ஒல்லியாக, வெள்ளைத் தாடியோடு, கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் ஆட்டுத் தோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். விரலால் தடவித் தடவித் தரம் பிரிப்பதுதான் அவர் வேலை. என்னைப் பார்த்ததும் யார், எவர் என்று கேட்கவில்லை. ஒரு தோலை என் கையில் கொடுத்தார்.

"இந்தக் கோட்டத் தடவுங்க. கருவேல முள்ளு கிழிச்சது. இது உண்ணி கடிச்சது. இந்தா, இது இன்னொரு ஆட்டோட முட்டுனது, சண்டைக்காரப் பய. கீறல் இல்லாத தோலே கிடையாது தம்பி. கீறலே இல்லாட்டி அது ரெக்சின்."

அப்புறம் சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பாட்டு, ஊர், இருமல் என்று மூன்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். பாட்டு எங்கேயும் ஒரே பாட்டுதான், ஊருக்கு ஊர் மாறுவது இருமல்தான் என்பது அவர் கட்சி. நான் சண்டை போட வந்ததை மறந்துவிட்டேன்.

அந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டீக்கடைக்குப் போனால் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பார். பாதி டீ வாய்க்கு, பாதி ரோட்டுக்கு. பைக்கில் பின்னால் ஏற்றினால் பாதி நேரம் கால்மிதியில் எழுந்து நின்றுகொண்டு வருவார். "பாய், செத்த நேரம் உக்காருங்களேன்" என்றால், "உக்காந்தா நினப்பு வந்துரும் தம்பி" என்பார். என்ன நினைப்பு என்று ரொம்ப நாள் சொல்லவில்லை. ஒருநாள் சொன்னார்.

சித்தையன்கோட்டையில் மண்டி நண்பர் ஒருவரின் மகள் கல்யாணம். வரவேற்பில் ஈரச்சாக்கு. ஆல்பத்தில் இல்லாத ஒரு புதுப் பாட்டை எடுத்திருக்கிறார்கள். எங்கள் குரூப்பில் ஒன்பதாவது பாட்டு என்று சொல்வோமே, அதுதான். பாய் மேடைக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறார். பாதிப் பாட்டில் கரண்டு போய்விட்டது.

"எல்லாரும் என்னையப் பாத்து, பாய் ஜெனரேட்டரு, பாய் ஜெனரேட்டருன்னு கத்துறாங்க. மண்டபத்துக்குப் பின்னாடி ஓடுனேன். பாழாப்போனது லேசுல ஸ்டார்ட் ஆகல. ஒரு வழியா போட்டுட்டு ஓடி வாரேன், பாட்டு முடிஞ்சு போச்சு. அந்தப் பய மைக் இல்லாமலே பாடியிருக்கான் தம்பி! பொம்பளைக எல்லாம் கண்ணத் தொடச்சுக்கிட்டு இருக்காங்க. எதுக்கு அழுகுறாங்கன்னு எனக்குத் தெரியல. கேட்டா, நல்லா இருந்துச்சு பாய்ங்குறாங்க. எப்புடி இருந்துச்சுன்னு ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல."

அன்றைக்கு ஆரம்பித்த அலைச்சல்தான். நோட்டு, இருமல், குரூப்பு எல்லாமே அந்த அரைப் பாட்டின் மிச்சத்தைத் தேடித்தான். அதைக் கேட்ட பிறகு எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. விதையை விற்றேனோ இல்லையோ, வீடு வீடாக மெமரி கார்டு விசாரித்தேன்.

கிடைத்தது! சேவுகம்பட்டியில் தக்காளி போட்டிருந்த ஒரு விவசாயி, மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம். "அந்தக் கல்யாணத்துல நானும் புடிச்சேன் அப்பு. எடுத்துக்கிட்டு கார்ட மட்டும் குடுத்துருங்க, பேரன் படம் பாக்கணும்" என்று நீட்டினார். பாட்டை என் போனுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு கார்டைக் கொடுத்தேன். வரப்பில் நின்றே கேட்டேன். பாட்டு, கரண்டு போகிற சத்தம், கூச்சல், குழந்தை அழுகை, பக்கத்தில் யாரோ இருமல், அத்தனைக்கும் அடியில் எங்கோ தூரத்தில் மெல்லிசாக அந்தக் குரல். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் நான் மனிதன். பாய்க்கு நல்லபடியாகக் கொடுக்க வேண்டும் என்று என் புத்தி போனது பாருங்கள். இரைச்சலை நீக்குகிற ஆப் ஒன்றை இறக்கி, அதில் போட்டு, ஒரு பொத்தானை அமுக்கி, அதே பெயரில் சேமித்தும் விட்டேன். பழையது போய்விட்டது. விவசாயியின் கார்டிலும் நகல் இல்லை, வெட்டித்தானே எடுத்திருந்தேன். புதியதைக் கேட்டால் முதல் பாதி பளிங்குபோல இருக்கிறது. கரண்டு போன பிறகு ஒன்றுமே இல்லை. கூச்சலும் இல்லை, இருமலும் இல்லை, மைக் இல்லாமல் பாடிய குரலும் இல்லை. அதையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துத் துடைத்துவிட்டது அந்தச் சனியன்.

மண்டிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பாய் இயர்போனை மாட்டிக்கொண்டு முழுசையும் கேட்டார், அந்த வெறும் அமைதியையும் சேர்த்து. கழற்றிச் சுருட்டி என் கையில் வைத்தார்.

"ரெக்சின் ஆக்கிட்டீங்களே தம்பி."

அவ்வளவுதான். திரும்பித் தோலைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் அவரே டீக்கடைக்குக் கூப்பிட்டார். "நீங்க ஒரு தடவ கேட்டீங்கள்ல? பக்கத்துல யாரோ இருமுனான்னீங்களே, எப்புடி? வறட்டா, சளியா?"

"ஞாபகம் இல்லையே பாய்."

"இருமிக் காட்டுங்க."

நடுக்கடையில் நின்று இருமினேன். "இல்ல, இன்னும் நெஞ்சுல இருந்து" என்றார். இருமினேன். "கடைசில ஒரு இழுப்பு இருந்துச்சா?" மறுபடி இருமினேன். டீ மாஸ்டர் பயந்துபோய்ச் சுக்குக் காப்பியை நீட்டினார். பாய் நோட்டைப் புரட்டி, டக்கென்று நிறுத்தினார். "இந்த இருமல் கல்யாணத்துல மட்டும் வருது, திருவிழாவுல வராது. கல்யாணத்துக்குன்னே போறவன் எவன்? வீடியோக்காரன்! அப்ப கேமரா அந்தப் போனுக்குப் பக்கத்துலயேதான் இருந்திருக்கு. எடுங்க வண்டிய!"

அந்தக் கல்யாண சிடியை அவர் ஏற்கெனவே பார்த்தவர்தான். அதில் சினிமா டூயட்தான் ஓடும். ஆனால் கேமராவில் மூலச் சத்தம் இருக்குமே! தாடிக்கொம்பில் ஸ்டுடியோ வைத்திருந்த அந்த வீடியோக்காரர் கதவைத் திறந்ததும் இருமினார். பாய் முகத்தைப் பார்க்கணுமே! நட்சத்திரத்தைக் கண்டவர்போல அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க இருமல் என்கிட்ட பதினாலு ரெக்கார்டிங்ல இருக்குங்க!"

அந்த மனிதர் வெட்கப்பட்டுப் போனார். "அதுதான் பாய் பிரச்சினையே. நான் எடுக்குற கல்யாணம் பூராம் நான் இருமுறதுதான் கேக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க திட்டுறாங்கன்னுதான் சத்தத்த எடுத்துட்டு சினிமாப் பாட்டச் சேத்துருவேன். மூலத்தையெல்லாம் அன்னைக்கே அழிச்சாச்சு."

இருந்ததைப் போட்டுக் காட்டினார். இருட்டு மேடை, செல்போன் வெளிச்சம், பாடகனின் வாய் அசைகிறது. மேலே டூயட். பாய் மூன்று தடவை பார்த்தார். "வாயி அசையுது தம்பி" என்றார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி, பாடினவரையே பார்ப்பது. அவர் ஒட்டன்சத்திரத்தில் சொட்டுநீர்ப் பைப் கடை வைத்திருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பாய் அதற்கு எப்போதும் விரோதி. "ரசிகன் ரசிகனா இருக்கணும். வீடு தேடிப் போனா சொந்தக்காரன் ஆயிருவான். சொந்தக்காரன எவனுக்குப் புடிக்கும்?" என்பார். அதனால், ஒரு விவசாயியைப் பார்க்கணும், துணைக்கு வாங்க என்று பொய் சொல்லி அழைத்துப் போனேன். குடோன் வாசலில் தொந்தியும் சட்டைப் பையில் பேனாவுமாக நின்றவரைப் பார்த்ததும் பாய்க்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"வாங்க, என்ன அளவுங்க?" என்றார் பாடகர்.

"அரை இஞ்சு. ஒரு பத்து மீட்டர்" என்றார் பாய். அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

பைப்பை அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் குறுக்கே விழுந்து விஷயத்தைச் சொன்னேன். பாடகர் சிரித்தார். "அதெல்லாம் விட்டு நாளாச்சுங்க. எந்தப் பாட்டுங்க?"

"கரண்டு போன பாட்டு" என்றார் பாய், முதல் தடவையாகப் பாட்டைப் பற்றி வாயைத் திறந்து.

பாடகரின் சிரிப்பு நின்றது. "அதுங்களா! மைக் இல்லாம பாடுனனே, அன்னைக்கு ஒரு நாள்தானுங்க என் குரல் எனக்கே கேட்டுச்சு. நல்லா வந்துட்டு இருந்துச்சுங்க. எவனோ ஒரு புண்ணியவான் ஜெனரேட்டரப் போட்டு விட்டுட்டானுங்க. அந்தச் சத்தத்துல அப்படியே நிறுத்திப்போட்டேன். கடைசி நாலு வரி பாடவே இல்லீங்க. அவனத்தானுங்க இன்னும் தேடிட்டு இருக்கேன்."

பாய் கையிலிருந்த பைப் நழுவியது. "நாந்தானுங்க அது."

நான் அழித்த பதிவிலும் பாட்டு முழுசாக இருந்திருக்காது. யாரிடமும் இல்லாத ஒன்றைத் தேடி, அதை நிறுத்திய மனிதரே இத்தனை வருஷம் அலைந்திருக்கிறார்! முதலில் சிரித்தது பாடகர்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "சரிங்க, வந்ததுக்குப் பாடிருவோம். முழுசாவே."

பாய் விறுவிறுவென்று போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபேன் நின்றது, விளக்கு நின்றது. பின்கட்டிலிருந்து கடை ஆள், "ஏனுங்க, கரண்டு போச்சு, ஜெனரேட்டர் போடட்டுங்களா?" என்று குரல் கொடுத்தார். "போடாதீங்க!" என்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கத்தினோம்.

பாடகர் ஆரம்பித்தார். பாய் போனில் பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு, ஒரு பைப் கட்டின் மேல் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். கால்கூட ஆடவில்லை. அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். நல்லா இருந்துச்சு. சித்தையன்கோட்டைப் பெண்களை இப்போது நான் குறை சொல்ல மாட்டேன்.

நாலாவது நிமிடம் எனக்குச் சோதனை வந்தது. குடோன் தூசி தொண்டையில் ஏறிவிட்டது. ஒரு பாட்டைக் கெடுத்தது போதாதா, வாயைப் பொத்திக்கொண்டு மூச்சை அடக்கினேன். கண் பிதுங்கியது. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. சத்தமில்லாமல் கையை அசைத்தார், 'இருமுங்க, இருமுங்க' என்று. இருமினேன்.

அன்று சாயங்காலமே குரூப்பில் பாட்டு வந்துவிட்டது. ஒருவர் உடனே, 'நாலாவது நிமிடத்தில் ஓர் இடைஞ்சல் இருக்கிறது, நீக்கித் தரட்டுமா?' என்று கேட்டார். பாயின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "தொட்டா கைய முறிச்சுருவேன்." கூடவே நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பாட்டு: ஒன்பது, முழுசு. ஊர்: ஒட்டன்சத்திரம், பைப் குடோன். இருமல்: நம்ம தம்பி.

அதற்கப்புறம் கம்பெனி என்னை ஓசூருக்கு மாற்றிவிட்டது. வருஷம் ஓடிவிட்டது. திண்டுக்கல்லில் எனக்கு வீடு இல்லை, வாசல் இல்லை. ஓர் இருமல் இருக்கிறது. பாய் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.